தண்ணீர் ஊற்றினால் டீசல் மிச்சமா? 'ஹெச்.ஹெச்.ஓ' கிட் விற்பவர்கள் சொல்லாத கணக்கு!

டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. டிராக்டர், டீசல் இன்ஜின், லோடு வண்டி, கார் என எதைத் தொட்டாலும் எரிபொருள் செலவுதான் கையைக் கடிக்கிறது. இந்த நேரம் பார்த்து, 'தண்ணீரில் இருந்து ஹைட்ரஜன் எடுத்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கருவி. 30 சதவிகிதம், 40 சதவிகிதம் எரிபொருள் மிச்சம்' என்று வீடியோக்கள் செல்போனில் சுற்றி வருகின்றன. 'இதை வாங்கலாமா?' என்று வாசகர்கள் தொடர்ந்து கேட்டு வருவதால், அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, அதில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதை இந்த இதழில் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

கருவி மிக எளிமையானது. ஒரு டப்பாவுக்குள் எவர்சில்வர் தகடுகளைச் சிறு இடைவெளி விட்டு வரிசையாக அடுக்கியிருப்பார்கள். உள்ளே தண்ணீர் இருக்கும். சுத்தமான தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது என்பதால், அதில் காஸ்டிக் பொட்டாஷ் அல்லது காஸ்டிக் சோடா கொஞ்சம் கலந்திருப்பார்கள். பேட்டரியில் இருந்து வரும் ஒயர்களைத் தகடுகளில் இணைத்ததும், தண்ணீர் ஹைட்ரஜன் வாயுவாகவும் ஆக்சிஜன் வாயுவாகவும் பிரிந்து, குமிழ் குமிழாக மேலே வரும். இந்தக் கலவை வாயுவைத்தான் 'ஹெச்.ஹெச்.ஓ' என்றும் 'பிரவுன் கேஸ்' என்றும் சொல்கிறார்கள். ஒரு டியூப் வழியாக அது ஏர் கிளீனர் பக்கம் போய், காற்றோடு சேர்ந்து இன்ஜினுக்குள் நுழையும்.

இதுவரைக்கும் பொய் எதுவும் இல்லை. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கலாம் என்பது 1800-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் செய்து காட்டப்பட்டது. இன்றைக்கும் பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிள்ளைகள் செய்து பார்ப்பதுதான். வரும் வாயு தீப்பிடிக்கும் என்பதும் உண்மை. சோப்பு நுரையில் அந்த வாயுவை ஊதிவிட்டு, தீக்குச்சியைக் காட்டினால் 'டப்' என்று வெடிக்கும். விற்பவர்கள் இதைச் செய்து காட்டும்போது பார்ப்பவர்களுக்கு முழு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால், 'வாயு எரியுமா?' என்பது கேள்வியே அல்ல. 'அந்த வாயுவை உண்டாக்க எவ்வளவு செலவாகிறது?' என்பதுதான் கேள்வி.

தண்ணீர் என்பது எரிந்து முடிந்த சாம்பல்!

விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டால் சோறு வேகாது. ஹைட்ரஜன் எரிந்தால் மிஞ்சுவது தண்ணீர். அதாவது, தண்ணீர் என்பது ஹைட்ரஜனின் சாம்பல். அதை மறுபடி ஹைட்ரஜனாக மாற்ற வேண்டுமானால், எரிந்தபோது எவ்வளவு சக்தி வெளியே வந்ததோ, அவ்வளவையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு நல்ல தகடு போட்டாலும், எந்த மருந்து கலந்தாலும், இதற்குக் கீழே குறைக்க முடியாது. நடைமுறையில் தகடும் தண்ணீரும் சூடாவதால் இன்னும் கூடுதலாகவே செலவாகும்.

சோலார் மின்சாரத்தையோ காற்றாலை மின்சாரத்தையோ கொடுத்துப் பிரித்தால் அது ஒரு கணக்கு. ஆனால், வண்டியில் மாட்டும் கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பேட்டரியில் இருந்து. பேட்டரிக்கு? டைனமோவில் இருந்து. டைனமோவைச் சுற்றுவது? இன்ஜின். இன்ஜினைச் சுற்றுவது? நீங்கள் காசு கொடுத்து ஊற்றிய அதே டீசல். 'டைனமோ எப்படியும் சும்மாதானே சுற்றுகிறது' என்பார்கள். மின்சாரம் எடுக்காதபோதுதான் டைனமோ லேசாகச் சுற்றும். மின்சாரத்தை இழுக்க இழுக்க, பெல்ட்டில் சுமை ஏறும். இன்ஜின் அதற்கும் சேர்த்து டீசல் குடிக்கும்.

ஒரு மணி நேரத்துக் கணக்கு!

சந்தையில் விற்கும் கருவி போல ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 அறைகள் கொண்டது, 20 ஆம்பியர் மின்சாரம் இழுப்பது என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட் இருக்கும். அப்படியானால், கருவி இழுப்பது 280 வாட்.

வரவு: ஓர் அறையில் ஓர் ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால், சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வரும். இது இயற்கை விதி. இதைவிட ஒரு சொட்டுகூட அதிகம் வராது. 6 அறை, 20 ஆம்பியர் என்றால் மணிக்கு 50 லிட்டர் ஹைட்ரஜன். கூடவே 25 லிட்டர் ஆக்சிஜன். 50 லிட்டர் என்றதும் மலைக்க வேண்டாம். வாயு என்பதால் இடம்தான் பெரிது. எடை போட்டால் நாலரை கிராம்தான். அந்த நாலரை கிராம் ஹைட்ரஜனை முழுதாக எரித்தால் கிடைக்கும் சக்தி, 15 மில்லி டீசலுக்குச் சமம்.

செலவு: பெல்ட், டைனமோவின் திறன் 60 சதவிகிதம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 280 வாட் மின்சாரத்துக்கு இன்ஜின் சுமார் 470 வாட் கொடுக்க வேண்டும். டீசல் இன்ஜின் தான் குடிக்கும் டீசலில் சுமார் 30 சதவிகிதத்தைத்தான் சுழலும் சக்தியாக மாற்றும். மீதி ரேடியேட்டர் வழியாகவும், சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கருவிக்காக மட்டும் மணிக்குச் சுமார் 150 மில்லி டீசல் கூடுதலாக எரிகிறது.

150 மில்லி கொடுத்து 15 மில்லி வாங்குகிறோம். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான் பொருந்தும். 8 மணி நேரம் உழவு ஓட்டினால், மிச்சமாவதற்குப் பதிலாக ஒரு லிட்டருக்கு மேல் டீசல் நட்டம்.

'ஒரு லிட்டர் தண்ணீரில் 1,800 லிட்டர் வாயு வரும்' என்றும் விளம்பரம் செய்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால், அந்த 1,800 லிட்டரில் இருக்கும் சக்தி 370 மில்லி டீசல் அளவுதான். மேலே சொன்ன கருவி, ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரித்து முடிக்க சுமார் 25 மணி நேரம் ஆகும். அதற்குள் 7 யூனிட் மின்சாரத்தை விழுங்கியிருக்கும்.

'நாங்கள் எரிபொருளாகக் கொடுக்கவில்லை, ஊக்கியாகக் கொடுக்கிறோம்!'

இந்தக் கணக்கைச் சொன்னால், விவரம் தெரிந்த விற்பனையாளர்கள் உடனே அடுத்த படிக்குப் போவார்கள். 'ஹைட்ரஜன் வேகமாக எரியும். அது டீசலையும் பெட்ரோலையும் முழுதாக எரிய வைக்கும். மிச்சம் அதில்தான் வருகிறது' என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். இதையும் பார்த்துவிடுவோம்.

ஹைட்ரஜன் கலந்தால் எரியும் வேகம் கூடும் என்பதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் நாசா 1970-களிலேயே பெட்ரோல் இன்ஜினில் ஹைட்ரஜன் கலந்து சோதித்தது. காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் உள்ள மெலிந்த கலவையும், ஹைட்ரஜன் சேரும்போது நின்றுபோகாமல் எரிந்தது. ஆனால், அந்தச் சோதனைகளில் கொடுத்த ஹைட்ரஜனின் அளவு வேறு. சிலிண்டரில் இருந்தோ, எரிபொருளில் இருந்தே பிரித்தெடுத்தோ கணிசமாகக் கொடுத்தார்கள். டைனமோ மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கவில்லை.

நம் டிராக்டர் 1,800 சுற்றில் உழும்போது, நிமிடத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல் காற்றை உள்ளே இழுக்கிறது. அதில் இந்தக் கருவி கலப்பது ஒன்றேகால் லிட்டர் வாயு. அண்டா சாம்பாரில் ஒரு கல் உப்பைப் போட்டுவிட்டு, ருசி மாறிவிட்டது என்று சொல்வது போலத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினில் டீசல் ஏற்கெனவே 98 சதவிகிதத்துக்கு மேல் எரிந்துவிடுகிறது. எரியாமல் போவது ஒன்று, இரண்டு சதவிகிதம்தான். அதை முழுதாக மீட்டாலும் 2 சதவிகிதம்தான் மிச்சம். 30, 40 சதவிகிதம் எங்கிருந்து வரும்? இன்ஜினில் வீணாவது எரியாத டீசல் இல்லை, வெப்பம். அந்த வெப்பத்தை இந்த டப்பாவால் ஒன்றும் செய்ய முடியாது.

பின் ஏன் சிலருக்கு மைலேஜ் கூடுகிறது?

'என் உறவினர் காரில் மாட்டினார். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கூடியிருக்கிறது' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, கருவியை மாட்டும்போது ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, டயரில் காற்று சரிபார்த்துத் தருவார்கள். மைலேஜ் கூடியது இந்த சர்வீஸால்; பெயர் தட்டிச்செல்வது டப்பா.

இரண்டாவது, காசு போட்டு மாட்டியவர் மைலேஜைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார். கால் தானாக ஆக்சிலரேட்டரில் மெதுவாகும். நிதானமாக ஓட்டினாலே எரிபொருள் மிச்சமாகும்.

மூன்றாவது, அளவுப் பிழை. டேங்க் நிரப்பும்போது ஒரு தடவை கழுத்து வரையும், அடுத்த தடவை ஆட்டோகட் வரையும் நிரப்பினால், ஒன்றிரண்டு லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். டிராக்டரில் இன்னும் சிக்கல். ஈர மண், காய்ந்த மண், உழவின் ஆழம், கல்டிவேட்டரா, ரோட்டவேட்டரா என்பதைப் பொறுத்து டீசல் செலவு தாறுமாறாக மாறும். மணிக்கு 4, 5 லிட்டர் குடிக்கும் டிராக்டரில், இந்தக் கருவி உண்டாக்கும் 135 மில்லி நட்டம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் இந்த வியாபாரம் நிற்காமல் ஓடுகிறது.

நான்காவது, புதிய பெட்ரோல் கார்களில் சிலர் சென்சாரை ஏமாற்றும் சின்ன சர்க்யூட் ஒன்றையும் சேர்த்து மாட்டுகிறார்கள். அது பெட்ரோலைக் குறைத்துப் பாய்ச்ச வைக்கும். கொஞ்சம் மிச்சமானாலும், இழுவை குறையும். வால்வும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சூட்டில் கெடலாம். அந்தச் செலவு பின்னால் வரும்.

செயல்விளக்கத்திலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய பைக்கில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, 'பாருங்கள், தண்ணீரிலேயே ஓடுகிறது' என்று காட்டுவார்கள். டேப்பை மூடினாலும், கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலில் ஐடிலிங்கில் சில நிமிடங்கள் ஓடும். இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

உலகம் முழுக்கத் 'தண்ணி காட்டிய' கதை!

இது இன்றைக்கு முளைத்த விஷயம் இல்லை. எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் ஏதாவது ஒரு நாட்டில் இது தலைதூக்குகிறது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டான்லி மேயர், தண்ணீரில் ஓடும் வண்டி என்று ஒன்றைக் காட்டி முதலீடு திரட்டினார். பணம் போட்ட இருவர் நீதிமன்றம் போனார்கள். நிபுணர்கள் அவரது கருவியை ஆராய்ந்து, அது சாதாரண மின்பகுப்புக் கருவிதான் என்றார்கள். 1996-ல் நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பளித்து, 25,000 டாலரைத் திருப்பித்தரச் சொன்னது. ஆனாலும், அவர் பெயரைச் சொல்லி இன்றைக்கும் வீடியோக்கள் ஓடுகின்றன.

பிலிப்பைன்ஸில் டேனியல் டிங்கல் என்பவர் பல ஆண்டுகள் 'தண்ணீர் கார்' பற்றிப் பேசி வந்தார். 2008-ல் முதலீட்டாளரை ஏமாற்றியதாகத் தண்டிக்கப்பட்டார். அதே 2008-ல் கச்சா எண்ணெய் பேரல் 147 டாலரைத் தொட்டபோது, அமெரிக்காவில் 'ஹெச்.ஹெச்.ஓ' கிட் விற்பனை சூடு பிடித்தது. ஜப்பானில் ஜெனிபாக்ஸ் என்ற நிறுவனம் தண்ணீர் கார் என்று ஒன்றைக் காட்டி, அடுத்த ஆண்டே கடையை மூடியது. 2012-ல் பாகிஸ்தானில் ஆகா வக்கார் என்பவரின் 'வாட்டர் கிட்'டுக்கு அமைச்சர்களே ஆதரவு கொடுத்தார்கள். இயற்பியல் பேராசிரியர் பர்வேஸ் ஹூட்பாய் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார்.

நமக்கும் இது புதிதல்ல. 1996-ல் ராமர் பிள்ளையின் 'மூலிகை பெட்ரோல்' தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. அது மின்பகுப்பு இல்லை என்றாலும், தண்ணீரை எரிபொருளாக்கலாம் என்ற அதே ஆசைதான். அந்த வழக்கில் 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

பண நட்டம் மட்டுமல்ல... ஆபத்தும் உண்டு!

பண நட்டத்தைவிட முக்கியமான விஷயம் பாதுகாப்பு. சமையல் கேஸ் எரிய வேண்டுமானால் காற்று கலக்க வேண்டும். 'ஹெச்.ஹெச்.ஓ' அப்படி இல்லை. எரிவதும், எரிய வைப்பதும் சரியான விகிதத்தில் முன்பே கலந்து வருகிறது. சின்னப் பொறி பட்டாலே போதும். இன்ஜினில் பேக் ஃபயர் ஆனால், தீ டியூப் வழியாகத் திரும்பி டப்பாவரை வரும். நடுவில் தண்ணீர்த் தடுப்புக் குப்பி இல்லாவிட்டாலோ, அதில் தண்ணீர் வற்றியிருந்தாலோ டப்பா வெடித்துச் சிதறும். உள்ளே இருப்பது காஸ்டிக் கரைசல். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இந்த வாயுவைப் பாட்டிலிலோ, டியூபிலோ பிடித்துச் சேர்த்து வைக்கவே கூடாது.

இன்னொன்று, இன்ஜின் நின்ற பிறகும் கருவிக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தால், பானட்டுக்குள் வாயு சேரும். அடுத்த தடவை சாவி திருகும்போது விபரீதம் நடக்கலாம்.

தண்ணீரைப் பிரிப்பதே வீண் வேலையா?

இல்லவே இல்லை. விவசாயிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இதில் இருக்கிறது. பஞ்சாபின் நங்கலில் 1960-களின் தொடக்கத்தில் உரத் தொழிற்சாலை தொடங்கியபோது, பக்ரா அணையின் நீர்மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். அதிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவில் இருந்து உரம். அதாவது, தண்ணீரில் இருந்து எடுத்த ஹைட்ரஜன் நம் நாட்டு வயல்களுக்கு அப்போதே உரமாக வந்திருக்கிறது. இன்றைக்கு யூரியாவுக்குத் தேவையான ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் இருந்து வருகிறது.

2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் 'தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்க'த்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சோலார், காற்றாலை மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து, உரத் தொழிற்சாலைக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் கொடுப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. இங்கெல்லாம் ஹைட்ரஜனை, மின்சாரத்தைச் செலவு செய்து தயாரிக்கும் பொருளாகத்தான் பார்க்கிறார்கள். இலவச எரிபொருளாக யாரும் பார்ப்பதில்லை. நல்ல கருவியிலேயே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் தேவைப்படுகிறது.

தண்ணீரால் டீசலை மிச்சப்படுத்த உண்மையான வழி!

டிராக்டரில் தண்ணீரால் டீசலை மிச்சப்படுத்த ஒரு வழி இருக்கிறது. அது இன்ஜினுக்குள் இல்லை. பின்பக்க டயருக்குள் இருக்கிறது. உழும்போது சக்கரம் வழுக்கினால், டீசல் எரியும், வேலை நடக்காது. பின் டயர் டியூபில் முக்கால் பங்கு வரை தண்ணீர் நிரப்பினால் எடை கூடி, பிடிமானம் கிடைக்கும். வழுக்கலை நீங்களே அளக்கலாம். டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் 10 சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு, கலப்பையை இறக்கி உழும்போது அதே 10 சுற்றுக்கு அளங்கள். முதலில் 40 மீட்டர், பிறகு 34 மீட்டர் என்றால் வழுக்கல் 15 சதவிகிதம். இதற்கு மேல் போனால் எடை சேர்க்க வேண்டும். ரோட்டில் டிரெய்லர் இழுப்பதே முக்கிய வேலை என்றால், தண்ணீரை எடுத்துவிடுங்கள். தேவையில்லாத எடையும் டீசல் குடிக்கும்.

மற்றவை நமக்குத் தெரிந்தவைதான், ஆனால், செய்வதில்லை. லேசான வேலைக்குப் பெரிய கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஓட்டுங்கள். கறும்புகை வந்தால் ஏர் கிளீனரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். டீசல் குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் போய்விடும். டீசல் பம்ப்செட்டில் துருப்பிடித்த இரும்புக் குழாய்க்குப் பதில் பி.வி.சி குழாய், எளிதாகத் தண்ணீர் விடும் பெரிய ஃபுட் வால்வு, குறைந்த பெண்டுகள் என்று மாற்றினால், அதே டீசலுக்குக் கூடுதல் தண்ணீர் வரும். தண்ணீர் விழும் குழாயைத் தொட்டிக்கு மேலே அநாவசியமாக உயரத்தில் தூக்கி வைக்காதீர்கள். ஒவ்வோர் அடி உயரத்துக்கும் டீசல் செலவாகிறது.

வாசகர் கேள்விகள்

'எனக்கு வண்டியில் ஏற்கெனவே கருவி மாட்டிவிட்டார்கள். பலன் இருக்கிறதா என்று நானே எப்படிச் சோதிப்பது?'

கருவியின் ஸ்விட்சை ஓட்டுநர் பார்க்க முடியாத இடத்தில் வையுங்கள். ஒரு நாள் போட்டும், ஒரு நாள் போடாமலும், ஓட்டுநரிடம் சொல்லாமல் வேறொருவர் மாற்றிவிட வேண்டும். ஒரே வயல், ஒரே கலப்பை, ஒரே ஆழம். வேலை தொடங்கும் முன்பு சமதளத்தில் நிறுத்தி டேங்க் விளிம்பு வரை நிரப்பி, முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி, அளவுக்குடுவையால் மறுபடி விளிம்பு வரை நிரப்புங்கள். ஊற்றிய அளவுதான் செலவான டீசல். குறைந்தது 10 நாள்களாவது குறித்துவைத்து, பிறகு ஸ்விட்ச் போட்ட நாள்களைப் பிரித்துப் பாருங்கள். விற்பவரிடம் இந்தச் சோதனைக்குச் சம்மதமா என்று வாங்கும் முன்பே கேட்பது இன்னும் நல்லது.

'டிராக்டர் கூரையில் சோலார் பேனல் வைத்து, அந்த மின்சாரத்தில் கருவியை ஓட்டினால் லாபம்தானே?'

டீசல் நட்டம் இருக்காது. ஆனால், லாபம் மிகச் சொற்பம். 300 வாட் பேனல் நாளைக்கு ஒன்றரை யூனிட் கொடுக்கும். நல்ல கருவியாக இருந்தாலும் அதில் கிடைக்கும் ஹைட்ரஜன், 90 மில்லி டீசலுக்குச் சமம். டீசல் பம்ப்செட்டில் அதைக் கொண்டு 65 அடி ஆழத்தில் இருந்து சுமார் 2,000 லிட்டர் தண்ணீர் எடுக்கலாம். அதே ஒன்றரை யூனிட்டை நேராக சோலார் மோட்டாருக்குக் கொடுத்தால், அதே ஆழத்தில் இருந்து 10,000 லிட்டர் எடுக்கலாம். பேனல் போட வசதி இருந்தால், உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் சோலார் பம்ப்செட் மானியம் பற்றிக் கேளுங்கள்.

'காஸ்டிக்குக்குப் பதில் சாப்பாட்டு உப்பு போடலாமா?'

கூடவே கூடாது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைத் தாக்கும், இன்ஜினையும் அரிக்கும். எவர்சில்வர் தகடும் சீக்கிரம் கரையும்.

'கருவியில் உள்ள தண்ணீர் மஞ்சளாக, பழுப்பாக மாறிவிட்டது. அதை எங்கே கொட்டுவது?'

வயலிலோ, வாய்க்காலிலோ, கிணற்று ஓரத்திலோ கொட்டாதீர்கள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. தகடு அரிக்கும்போது, அது நச்சுத்தன்மை கொண்ட குரோமியமாக மாறித் தண்ணீரில் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பதை ராணிப்பேட்டை பகுதி மக்கள் அனுபவித்து வருகிறார்கள். கையுறை, கண்ணாடி அணிந்து, பிளாஸ்டிக் கேனில் மூடி, பிள்ளைகள் கைபடாத இடத்தில் வையுங்கள். மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் வழியில் அப்புறப்படுத்துங்கள்.

'இதை மாட்டினால் இன்ஷூரன்ஸுக்குச் சிக்கல் வருமா?'

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியில் நம் விருப்பத்துக்கு மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. சி.என்.ஜி, எல்.பி.ஜி கிட்டுகளுக்கு அங்கீகாரம் பெற்ற மாதிரி, அங்கீகாரம் பெற்ற மையம், ஆர்.சி புத்தகத்தில் பதிவு என்று நடைமுறை இருக்கிறது. இந்தக் கருவிக்கு அப்படி ஏதேனும் அங்கீகாரச் சான்று இருந்தால் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் மாட்டாதீர்கள். தீ விபத்து நடந்த பிறகு, 'அனுமதி இல்லாத கருவி' என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரித்தால் வண்டியும் போய், இழப்பீடும் போய்விடும். வாரன்டி காலத்தில் இருக்கும் வண்டிக்கு வாரன்டியும் போகக்கூடும்.

'30 சதவிகிதம் மிச்சம் என்று சொல்லி விற்றார்கள். பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?'

உண்டு. பில், விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி, 'இத்தனை சதவிகிதம் மிச்சம்' என்று எழுதிக்கொடுத்த உத்தரவாதம் ஆகிய எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். தீராவிட்டால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே நேரில் வாதாடலாம். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் நிரூபிப்பது கஷ்டம். அதனால், வண்டிக்கு எந்தக் கருவி வாங்கினாலும், பில்லையும் மிச்சக் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். 'எழுதித் தர முடியாது' என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.